நாற்பது வேதாகமம் இருக்கு, தேடினா ஒண்ணும் கிடைக்கல

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கோயில் வேலை பார்க்கிறவர்கள் பலருக்கு என்னைத் தெரியும். பக்தியால் இல்லை. போனிலும் லேப்டாப்பிலும் வேதாகம மென்பொருள் போட்டுத் தருகிற ஆள் என்று பேர் விழுந்துவிட்டது. நான் பிறந்தது பாம்பனில், ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். கட்டிக்கொண்டது ராமநாதபுரம் சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண்ணை. வீட்டுக்குள்ளேயே திருவிவிலியமும் உண்டு, பரிசுத்த வேதாகமமும் உண்டு என்பதால் இரண்டு பக்கத்து ஆட்களும் தயங்காமல் வருவார்கள். கத்தோலிக்க உபதேசியார் வருவார், சி.எஸ்.ஐ. ஐயர் (போதகர்) வருவார், பெந்தெகொஸ்தே பாஸ்டரும் வருவார். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, எல்லாம் ஏத்தி வச்சிருக்கேன், தேடினா ஒண்ணும் வரமாட்டேங்குது."

எல்லாம் என்றால் நிஜமாகவே எல்லாம். ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த பெரிய ஜிப் கோப்பை அப்படியே பிரித்துக் கொட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் வேதாகமம் வரிசையாக நிற்கும். ஸ்பானிஷ், ருமேனியன், கொரியன் எல்லாம் இருக்கும். தமிழில் நாலைந்து. அதில் இரண்டு ஒரே உரைதான், பேர் மட்டும் வேறு. இன்னொன்றைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். விளக்கவுரைகள் தனியாக ஒரு குவியல், அத்தனையும் ஆங்கிலம், வைத்திருப்பவர் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. இடம் போதாமல் போன் திணறும்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது ஒரு விஷயம்தான். மாட்யூல் குறைவாக இருக்கட்டும், இருக்கிற ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கட்டும், சிக்னல் இல்லாத இடத்தில் திறக்கட்டும். சேர்த்து வைப்பது ஒரு வியாதி. அது எனக்குத் தெரிந்த குருமார்களில் பாதிப் பேருக்கு உண்டு.

மாட்யூல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மென்பொருள் வெறும் அலமாரி, மாட்யூல்தான் புத்தகம். இ-சோர்டு, தவேர்டு, மைசோர்டு, ஆண்ட்பைபிள் என்று அலமாரிகள் பல. வேதாகம உரை ஒரு மாட்யூல், விளக்கவுரை ஒரு மாட்யூல், அகராதி ஒரு மாட்யூல், தின தியானம் ஒரு மாட்யூல். இ-சோர்டை அமெரிக்காவில் ரிக் மேயர்ஸ் என்பவர் 2000ஆம் ஆண்டில் இலவசமாக வெளியிட்டார். கிராஸ்வயர் பைபிள் சொசைட்டி என்ற தன்னார்வலர் கூட்டம் நடத்துகிற சோர்டு திட்டம் அதற்கும் முந்தையது. ஆண்ட்பைபிள், சிஃபோஸ் போன்ற செயலிகள் அந்தத் திட்டத்து மாட்யூல்களைத்தான் படிக்கின்றன. யூவெர்ஷன் 2008இல் வந்தது, நம் ஊரில் எல்லார் போனிலும் இருப்பதும் அதுதான். அது வேறு ரகம். அதில் உரையைக் கையில் தரமாட்டார்கள். பதிப்பாளர் அனுமதித்த மொழிபெயர்ப்புகளை மட்டும் செயலிக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம், வெளியே எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

யாருக்கு எது வேண்டும் என்பதில் இந்தக் கரைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மண்டபம் தாண்டித் தீவுக்குள் போனால் பாம்பன், தங்கச்சிமடம், வேர்க்கோடு என்று கடலோரத்தில் கத்தோலிக்க ஊர்களாக வரும். வடக்கே ஓரியூர், 1693இல் மறைசாட்சி அருளானந்தர் தலை வெட்டப்பட்ட செம்மண் பூமி. ராமநாதபுரம் டவுனுக்குள் சி.எஸ்.ஐ.யின் வேர் ஆழம். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1785இல் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்னும் அவர் பேரிலேயே நடக்கிறது (கலாம் படித்த பள்ளி என்று சொன்னால்தான் வெளியூர்க்காரருக்குப் புரியும்). இப்படி ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வேதாகம மரபுகள். கத்தோலிக்கர் கையில் 1995இல் வந்த திருவிவிலியம், 73 நூல்கள். மற்றவர் கையில் ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871இல் முடித்த பழைய மொழிபெயர்ப்பு, 66 நூல்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற மாட்யூல் மூட்டைகளைக் கட்டியவர்கள் பெரும்பாலும் 66 நூல் மரபுக்காரர்கள். உபதேசியார் அதை ஏற்றிக்கொண்டு, 73இல் மட்டும் உள்ள தோபித்து நூலைத் தேடுவார். தோபித்து இருக்காது. "போன் கெட்டுப்போச்சா?" என்று என்னிடம் வருவார்.

போன் கெடவில்லை. இதன் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது.

சோர்டு மாட்யூல் ஒவ்வொன்றிலும் உரையோடு கூடவே ஒரு சின்ன அமைப்புக் கோப்பு இருக்கும். டாட் கான்ஃப் என்று முடியும். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். எந்த மொழி, எந்தப் பதிப்பு எண், யார் உரிமை, என்ன எழுத்துக் குறியீடு எல்லாம் அதில் எழுதியிருக்கும். அதில் 'வெர்சிஃபிகேஷன்' என்று ஒரு வரி. எந்த வசன எண் முறைப்படி இந்த உரை அடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வது அது. கேஜேவி (கிங் ஜேம்ஸ்), என்ஆர்எஸ்வி, வல்கேட், கத்தோலிக், லெனின்கிராட், சினோடல் என்று பல முறைகள் உண்டு. அந்த வரியே இல்லாவிட்டால் மென்பொருள் கேஜேவி என்று எடுத்துக்கொள்ளும். கேஜேவி முறையில் தோபித்து, யூதித்து, மக்கபேயர், சீராக் எதற்கும் இடமே கிடையாது. 73 நூல் உரையைக் கொண்டுபோய் அந்த முறையில் அடைத்தால், இடம் இல்லாத நூல்கள் கண்ணில் படாது. இருக்கிற நூல்களிலும், எண்ணுக்கு மேல் வருகிற வசனத்தை முந்தைய வசனத்தின் வாலில் ஒட்டிவிடும். வாசிக்கிறவருக்கு ஒரு வசனம் காணோம், ஒரு வசனம் நீளமாக இருக்கிறது என்று மட்டும் தெரியும். ஏனென்று தெரியாது.

திருப்பாடல்களில் இது இன்னும் வேடிக்கை. எபிரேய எண் முறையில் 23 ஆக இருக்கிற 'ஆயன்' பாடல் பழைய லத்தீன் முறையில் 22. எபிரேய மூலத்தில் பல பாடல்களின் தலைப்பையே முதல் வசனமாக எண்ணுவார்கள், 51ஆம் பாடலில் தலைப்பு மட்டும் இரண்டு வசனத்தைத் தின்னும். நல்ல மென்பொருளாக இருந்தால் இரண்டு முறைகளுக்கும் நடுவே பொருத்தம் பார்த்து இணைவசனத்தைச் சரியாகக் காட்டும். ஆண்ட்பைபிள் அதைச் செய்கிறது. ஆனால் மாட்யூல் செய்தவர் அந்த ஒரு வரியைச் சரியாக எழுதியிருந்தால்தான் அதனாலும் முடியும்.

தவேர்டு மென்பொருளின் மாட்யூல் இன்னும் எளிமை. முழு வேதாகமம் என்பது ஒரு வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரிக்கு ஒரு வசனம், மொத்தம் 31,102 வரி. பழைய ஏற்பாடு 23,145, புதிய ஏற்பாடு 7,957. வசன எண் எங்கும் எழுதியிருக்காது, வரி எத்தனையாவது என்பதை வைத்துத்தான் மென்பொருள் கண்டுபிடிக்கும். இந்த எளிமையில்தான் ஆபத்து. புதிய மொழிபெயர்ப்புகள் சில வசனங்களைப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்று அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடும். மத்தேயு 17:21 அப்படி ஒன்று, அப்போஸ்தலர் 8:37 இன்னொன்று. மாட்யூல் செய்தவர் அந்த இடத்தில் ஒரு வெற்று வரி விட வேண்டும். விடாமல் போனால் அங்கிருந்து கீழே எல்லாம் ஒரு படி ஏறிவிடும். மத்தேயுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால், யோவான் 3:16ஐத் தட்டினால் 17 வரும். பிரசங்க மேடையில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நடந்திருக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன்.

அதனால் புது மாட்யூல் எதைப் போட்டாலும் நான் முதலில் தட்டிப் பார்ப்பது கடைசி வசனத்தை, வெளிப்படுத்தின விசேஷம் 22:21. அது தன் இடத்தில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்து சங்கீதம் 119, அதில் 176 வசனம் இருக்க வேண்டும். பிறகு மூன்றாம் யோவான்: சில முறைகளில் 14 வசனம், சிலவற்றில் 15. பதினைந்து இருக்கிற உரையைப் பதினான்கு இடத்தில் அடைத்திருந்தால் அங்கே பல்லிளிக்கும். இரண்டு கொரிந்தியரின் கடைசி அதிகாரமும் அப்படித்தான், 13இல் முடிவதும் உண்டு, 14இல் முடிவதும் உண்டு. கத்தோலிக்கர் என்றால் சீராக்கையும் மக்கபேயர் இரண்டையும் திறந்து பார்ப்பேன். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை இது. இதைச் செய்யாமல் மாட்யூலை நம்பாதீர்கள், யார் கொடுத்தாலும் சரி.

இப்போது 'தேடினா வரல' புகாருக்கு வருகிறேன். இதற்குக் காரணம் ஒன்று அல்ல.

பல செயலிகளில் தேடுவதற்கு முன் சுட்டி ஒன்று தயாராக வேண்டும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனியாக அந்த இண்டெக்ஸ் உருவாக வேண்டும். மாட்யூலைப் புதுப்பித்தால் இண்டெக்ஸையும் மறுபடி போட வேண்டும். நாற்பது வேதாகமம் வைத்திருப்பவர் நாற்பதுக்கும் போட்டிருப்பாரா? தமிழ் மாட்யூலுக்கு மட்டும் போட்டிருக்க மாட்டார். கொண்டு வருகிறவர்களில் கணிசமான பேருக்கு இதோடு முடிந்துவிடும். "இவ்வளவுதானா?" என்று முகம் வாடிப் போவார்கள்.

அடுத்தது எழுத்துக் குறியீடு. யூனிகோடு பரவும் முன்பு தமிழ் வேதாகமத்தைத் தட்டச்சு செய்தவர்கள் பாமினி, டிஸ்கி, டாம் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் செய்தார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அழகாகத் தெரியும். இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். அதில் தமிழில் தேடவே முடியாது, ஏனென்றால் உள்ளே இருப்பது தமிழே அல்ல. அப்படிப்பட்ட மாட்யூலைக் கண்டால் தயவுதாட்சண்யம் இல்லாமல் அழித்துவிடுங்கள். யூனிகோடில் அதே உரை இன்று கிடைக்கிறது. கட்டம் கட்டமாகத் தெரிவது வேறு நோய், உரை நல்ல யூனிகோடுதான், கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. பழைய லேப்டாப்களில் மட்டும் பார்க்கிறேன்.

இதற்கும் மேலே ஒரு நுணுக்கம், இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. 'யோவான்' என்ற பெயரில் வருகிற ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாக ஒரு வழி. முன்னால் வருகிற இரட்டைக் கொம்பையும் பின்னால் வருகிற காலையும் தனித்தனிக் குறியாக அடுத்தடுத்து வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. மென்பொருளுக்கு அவை வேறு வேறு. மாட்யூல் ஒரு முறையில் இருந்து, உங்கள் போன் விசைப்பலகை இன்னொரு முறையில் தட்டினால், நான்காம் நற்செய்தியையே வைத்துக்கொண்டு யோவான் என்று ஒருவர் இல்லவே இல்லை என்று மென்பொருள் சாதிக்கும். மோசே, யோபு, யோசேப்பு எல்லாருக்கும் இதே கதி. ஆனால் ஆபிரகாம் கிடைப்பார், தாவீது கிடைப்பார். இப்படிச் சிலர் மட்டும் காணாமல் போனால் காரணம் இதுதான் என்று உடனே சொல்லிவிடலாம். மாட்யூல் செய்கிறவர் உரையை ஒரே சீர்முறைக்கு மாற்றிவிட்டு ஏற்றினால் பிரச்சினையே இல்லை. அது ஒரு நிமிட வேலை, ஆனால் செய்யாதவர்கள் நிறைய. ஔகாரத்தில் 'ள' போட்டு எழுதி வைப்பதும் இதே குடும்பம்.

மூன்றாவது காரணம் தமிழேதான். 'மீன்' என்று தேடினால் 'மீன்கள்' வரும், 'மீனை' வராது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு 'மீன' என்று தட்டினால் இரண்டும் வரும். 'படகு' என்று தட்டினால் 'படகில்' வராது, 'படக' என்று நிறுத்தினால் வரும். முழுச் சொல்லாக மட்டும் பார்க்கிற செயலிகளில் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி சேர்க்க வேண்டும். கடைசி எழுத்தின் புள்ளியையோ உயிர்க்குறியையோ கழற்றிவிட்டுத் தேடு என்பதுதான் சூத்திரம். ஆங்கிலத்துக்குச் செய்த மென்பொருள் இதை உங்களுக்குச் சொல்லித் தராது. இன்னொன்று: பழைய மொழிபெயர்ப்பில் சீடர்கள் ஏறுவது 'படவு', திருவிவிலியத்தில் 'படகு'. எந்த மாட்யூலில் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடினால், கலிலேயக் கடலில் படகே ஓடவில்லை என்று முடிவுக்கு வந்துவிடுவோம். தங்கச்சிமடத்து ஆட்கள் அதை ஒத்துக்கொள்வார்களா என்ன!

கோப்பு வகைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அது ஒரு காடு. இ-சோர்டு ஒன்றே காலப்போக்கில் பிபிஎல், பிபிஎல்எக்ஸ், பிபிஎல்ஐ என்று வால் மாற்றிக்கொண்டிருக்கிறது, பழையதைப் புதியது திறக்காது. குழப்பத்தின் உச்சம் ஆண்ட்ராய்டில்: மைசோர்டு என்ற செயலியின் மாட்யூல் 'மைபைபிள்' என்று முடியும், ஆனால் மைபைபிள் என்ற பேரில் வேறொரு செயலி உண்டு, அதன் மாட்யூல் 'எஸ்கியூலைட்3' என்று முடியும். இதனுடையதை அதில் போட்டுவிட்டு "வைரஸ்" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. ஆண்ட்பைபிள் சோர்டு மாட்யூலோடு இந்த இரண்டையும் இறக்குமதி செய்துகொள்ளும் என்பதால் போனுக்கு நான் அதையே போட்டுத் தருகிறேன். விளம்பரம் கிடையாது, திறந்த மூல மென்பொருள், பணம் கேட்காது.

புதுப் போன் வாங்கும்போது ஒரு விஷயம் கவனம். முன்பெல்லாம் செயலிகள் தங்கள் மாட்யூல் கோப்புறையைப் போன் நினைவகத்தின் வாசலிலேயே வைத்திருக்கும், கோப்பு மேலாளரில் பார்க்கலாம், நகலெடுக்கலாம். ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகு அது இறுகிவிட்டது. செயலி தன் சொந்த மூலைக்குள்தான் தாராளமாகப் புழங்க முடியும், அந்த மூலைக்குள் நாம் கை விடுவது கஷ்டம். அதைவிட முக்கியம், செயலியை நீக்கினால் அந்த மூலையும் சேர்ந்து அழியும். "கொஞ்சம் ஸ்லோவா இருக்குன்னு அழிச்சிட்டு மறுபடி போட்டேன்" என்று வருகிறவர்களின் குறிப்புகள், கோடு போட்ட வசனங்கள், மாட்யூல்கள் எல்லாம் போயிருக்கும். ஒரு ஐயர் பல வருடமாகப் பிரசங்கக் குறிப்பை அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தார். அவர் முகத்தை நான் மறக்கவில்லை. செயலிக்குள்ளேயே பேக்கப் என்று ஒரு இடம் இருக்கும். அதைத் தட்டி, வருகிற கோப்பை மெமரி கார்டிலோ பென்டிரைவிலோ வைத்துவிட்டுத்தான் எதையும் நீக்க வேண்டும். இறக்கிய மாட்யூலின் அசல் ஜிப்பும் அதே இடத்தில் இருக்கட்டும். திரும்ப இறக்கிக்கொள்ளலாமே என்பீர்கள். மழைக்காலத்தில் கொண்டல் அடித்து நாலு நாள் கரண்டும் டவரும் சரியாக இல்லாத ஊரில் இருந்துகொண்டு அப்படிப் பேச முடியாது.

இடத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. யூனிகோடு சேமிப்பில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும், ஆங்கில எழுத்துக்கு ஒன்றுதான். ஆனாலும் தமிழ் வேதாகமம் முழுதும் சுருக்காத நிலையில் பத்துப் பதினைந்து மெகாபைட்டுக்குள் அடங்கும், சுருக்கினால் அதில் ஒரு பகுதிதான். உரை மாட்யூலால் போன் நிறைவதில்லை. நிறைப்பது படம் போட்ட விளக்கவுரைகளும் ஒலிக் கோப்புகளும்தான்.

உரிமை விஷயத்தில் என் பேச்சு சிலருக்குப் பிடிக்காது. "வேத வசனத்துக்கு என்ன தம்பி காப்பிரைட்டு?" என்று கேட்பார்கள். வசனத்துக்கு இல்லாமல் இருக்கலாம், மொழிபெயர்த்தவர்களின் உழைப்புக்கு உண்டு. திருவிவிலியத்தின் உரிமை திண்டிவனத்தில் இருக்கிற தமிழ்நாடு விவிலிய மறைக்கல்வி வழிபாட்டு நடுநிலையத்திடம் இருக்கிறது. அந்த உரையை எடுத்து யாரோ கட்டிய மாட்யூல் வாட்ஸ்அப்பில் வந்தால், அது அனுமதி பெற்றதா, பிழை திருத்தியதா என்று அறிய வழியில்லை. நான் அதைக் கைமாற்றுவதில்லை. பூட்டிய மாட்யூலுக்குச் சாவி தேடிக்கொண்டு வருவோரும் உண்டு. சோர்டில் பணம் கட்டி வாங்கும் சில உரைகளுக்கு அமைப்புக் கோப்பில் ஒரு திறவெண் கேட்கும். அதை இணையத்தில் பொறுக்கி வந்து போட்டுத் தரச் சொன்னால், கதவு அந்தப் பக்கம் என்று காட்டிவிடுவேன்.

இதற்கு எதிர்ப்பக்கம் நல்ல செய்தி ஒன்று. இண்டியன் ரிவைஸ்டு வெர்ஷன் (ஐஆர்வி) என்ற பேரில் பிரிட்ஜ் கனெக்டிவிட்டி சொல்யூஷன்ஸ் நிறுவனத்தார் 2017 வாக்கில் தொடங்கி வெளியிட்ட தமிழ் உரை, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டு, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிட்டு, யாரும் யாருக்கும் கொடுக்கலாம், மாட்யூலாகச் செய்யலாம், அச்சடிக்கலாம். இபைபிள் டாட் ஆர்க் தளத்தில் பல வடிவத்தில் கிடைக்கிறது, சோர்டு செயலிகளின் பதிவிறக்கப் பட்டியலிலேயே அந்தத் தளமும் ஒரு களஞ்சியமாக இருக்கும். பழைய மொழிபெயர்ப்பின் ஓசைக்குப் பழகிய காதுக்கு அது கொஞ்சம் தட்டையாகத் தோன்றலாம், என் மாமியாருக்குத் தோன்றுகிறது. 66 நூல்தான் என்பதால் உபதேசியாருக்கும் முழுசாக உதவாது. ஆனால் சட்டப்படி ஓடிஜி பென்டிரைவில் ஏற்றி மனசாட்சி உறுத்தாமல் நீட்டக்கூடிய தமிழ் வேதாகமம் என்றால் நான் முதலில் எடுப்பது அதைத்தான்.

நீட்டுவது என்றதும் நினைவு வருகிறது. ஒரு காலத்தில் ஷேர்இட் இருந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபடியே பத்துப் பேர் போனுக்குப் போய்விடும். 2020 ஜூன் கடைசியில் அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. இப்போது க்விக் ஷேர் இருக்கிறது, ஆனால் பழைய போன்காரர்கள் ப்ளூடூத்துக்கே திரும்பிவிட்டார்கள். உரை மாட்யூலுக்கு அது போதும்.

ஒலி மாட்யூலுக்குப் போதாது, ஆனால் இந்தக் கரையில் அதிகம் கேட்கப்படுவது அதுதான். விசைப்படகில் போகிறவர்களுக்குக் கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் சிக்னலும் மறையும். ராத்திரி வலை போட்டுவிட்டு இழுக்கும் வரை காத்திருக்கிற நேரத்தில் கேட்கலாம். கண்ணாடி போட்டுப் பொடி எழுத்தைப் படிக்கிற இடமா அது? புதிய ஏற்பாடு 260 அதிகாரம், முழு வேதாகமம் 1,189. அதிகாரத்துக்கு ஒரு எம்பி3 என்று வைத்தால் ஒரு மெமரி கார்டில் தாராளமாக அடங்கும். இதில் எனக்கு ஒரே ஒரு ஆலோசனை: கோப்புப் பெயரில் எண்ணை மூன்று இலக்கமாக வையுங்கள், 001, 002 என்று. இல்லாவிட்டால் மத்தேயு ஒன்றாம் அதிகாரம் முடிந்ததும் பத்தாம் அதிகாரம் பாடும், மலைப்பொழிவு வருவதற்குள் இயேசுவைக் கைது செய்துவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும்போதுதான் இந்தக் கார்டு ஏற்றுகிற வேலை எனக்கு மும்முரமாக நடக்கும்.

கேட்டுப் படிப்பது இங்கே புதிதும் அல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லித்தான் கற்பித்தார். மண்டபத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அந்தோனி கிரிமினாலியும் அந்த வழியில் வந்தவர்தான். தமிழில் செபப் புத்தகம் அச்சில் வந்தது 1578இல், தம்பிரான் வணக்கம், கொல்லத்தில். புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715இல். கையில் புத்தகம் வரும்வரை காதுதான் இந்தக் கரைக்குப் பாடப்புத்தகம். வேதாளை வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயும் இந்தக் கதை எனக்கு ரொம்பக் காலம் தெரியாது.

புதுப்பித்தல் பற்றிக் கடைசியாக. மாட்யூலில் பிழை திருத்தி மேல் பதிப்பு வெளியிடுவார்கள், அமைப்புக் கோப்பில் வரலாறு என்ற பகுதியில் என்ன மாற்றினார்கள் என்று இருக்கும். படித்துவிட்டுப் புதுப்பியுங்கள். பழைய ஜிப்பை உடனே தூக்கிப் போடாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி மட்டும் எதையும் புதுப்பிக்காதீர்கள். இண்டெக்ஸ் மறுபடி போட வேண்டும், வசனம் ஒன்றிரண்டு நகர்ந்திருக்கலாம், மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள். செவ்வாய்க்கிழமை செய்யுங்கள்.

எத்தனை வைக்கலாம் என்று கேட்டால், ஒரு உபதேசியாருக்கு உரையாக இரண்டு, ஒப்பிட ஒரு ஆங்கிலம், ஒரு அகராதி, அன்றாட வாசகப் பட்டியல் ஒன்று. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்று என்பதால் இது எந்த ஆண்டுக்கானது, முதலாண்டா மூன்றாமாண்டா என்று கோப்புப் பேரிலேயே எழுதி வையுங்கள். ஐயருக்கு விளக்கவுரை ஒன்றோ இரண்டோ கூடுதல். மூல மொழிக்குப் போகிறவர் என்றால் மூலச் சொல்லைச் சுட்டும் ஸ்ட்ராங் எண்கள் சேர்த்த ஆங்கில உரை ஒன்று வேண்டியிருக்கும். தமிழ் உரையில் அந்த எண்களைச் சேர்க்கும் வேலையை யாராவது ஒழுங்காகச் செய்து முடித்தால் முதல் ஆளாக நான் இறக்குவேன்.

ஐஆர்வி ஜிப், சோர்டு வடிவத்தில், ஓகாரம் எல்லாம் சீர் செய்து, வெளிப்படுத்தின விசேஷம் இருபத்திரண்டு இருபத்தொன்று வரை தட்டிப் பார்த்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் ஓடிஜியோ மெமரி கார்டோ எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாங்க. திருவிவிலியம் மட்டும் என்னிடம் கேட்காதீங்க. அதை நான் கொடுக்க முடியாது, பங்குச் சாமியாரிடம் கேட்டு முறைப்படி வாங்கிக்கொள்ளுங்கள்.